முட்டு வருத்தத்துக்கு ஒரு புதிய ஊசி: இருமுறை தவறி மும்முறை தேறிய மருந்தின் கதை

ஒக்டோபர் மாதம் பிறந்து, பிற்பகல் தோறும் இடியும் மின்னலுமாக மழை கொட்டத் தொடங்கிவிட்டால், கொழும்பு நகரிலே ஒருசாராருக்கு இரவு என்பது உறங்குவதற்கான நேரமாக இருப்பதில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் உள்ள வீடுகளின் சுவர்கள் ஈரம் பாரித்துப் பூஞ்சணம் பூக்கும். கொட்டாஞ்சேனையிலோ துறைமுகத்துக்குச் செல்லும் லொறிகளின் புகையும் தூசும் மழை ஓய்ந்த மறுகணமே மீண்டும் எழும். வீட்டினுள்ளே சாம்பிராணிப் புகை, வெளியிலே வாகனப் புகை. இரண்டுக்கும் நடுவே, படுக்கையில் எழுந்து அமர்ந்து, முழங்கைகளைத் தலையணையில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் விலை கொடுத்து வாங்குவதுபோல் இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் ஏதேனும் ஒரு வீட்டில் இருக்கவே செய்வார்.

இந்நோயை நம்மவர் முட்டு என்பர், தொய்வு என்பர், இழுப்பு என்றும் கூறுவர். வைத்தியர் எழுதிக் கொடுக்கும் துண்டில் அது ஆஸ்துமா. பெயர் பலவாயினும் நோய் ஒன்றென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அவ்வெண்ணம் தவறு என்பதை ஓர் ஊசிமருந்தின் பரிசோதனை எவ்வாறு உலகுக்கு உணர்த்தியது என்பதையே இந்த ஞாயிறு நாம் எடுத்துக்கொண்டோம். காரணம் இல்லாமல் இல்லை. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, இங்கே முட்டுக்கு மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள், குளிசை எல்லாம் நிறுத்திவிடலாமாம்" என்று கூறுவது இப்போது பல வீடுகளில் கேட்கும் செய்தி. அம்மா அதைக் கேட்டு நம்பிக்கை கொள்கிறார். அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்பதை அறிந்துகொள்வது குடும்பத்தாரின் கடமையன்றோ?

யாருக்கு இந்த ஊசி?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். ஆஸ்துமா உள்ளவர்களிற் பெரும்பாலோருக்கு இந்த ஊசி வேண்டியதே இல்லை. 1970களின் தொடக்கத்தில் உபயோகத்துக்கு வந்த, மூச்சோடு உள்ளிழுக்கும் ஸ்டீரோயிட் பம்ப், ஒழுங்காகவும் முறையாகவும் பயன்படுத்தப்பட்டால், அவர்களுக்கு நல்வாழ்வைத் தரப் போதுமானது. ஆயினும் நூற்றில் ஏறக்குறைய ஐந்து முதல் பத்துப் பேருக்கு, பம்பை எவ்வளவு கூட்டினாலும் நோய் அடங்குவதில்லை. கடும் ஆஸ்துமா என்று வைத்தியர் கூறுவது இதைத்தான்.

இவர்களுக்கு இருந்த ஒரே துணை பிரெட்னிசொலோன் குளிசை. அது உயிர் காக்கும் மருந்து, ஐயமில்லை. ஆனால் அது வாங்கும் வட்டி கொடியது. ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவருக்கு முகம் ஊதுகிறது, நீரிழிவு தலைகாட்டுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, எலும்பு நலிகிறது, கண்ணில் வெண்படலம் படர்கிறது, தோல் மெலிந்து, தொட்ட இடத்தில் கன்றிப்போகிறது. மூச்சை மீட்க எலும்பை அடகு வைக்கும் நிலை இது. குளிசையை நிறுத்தினால் முட்டு. தொடர்ந்தால் மேற்கூறிய கேடுகள். இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவர்களுக்காகவே புதிய ஊசிமருந்துகள் தேடப்பட்டன.

ஊசியில் இருப்பது என்ன?

குளிசைகளிற் பெரும்பாலானவை இரசாயனச் சாலையில் கூட்டப்படுபவை. இந்த ஊசிமருந்துகளோ உயிருள்ள கலங்களில் விளைவிக்கப்படுபவை. நம் உடலிலே நோய்க் கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்கள் உண்டென்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். ஒவ்வொரு பிறபொருளெதிரியும் ஒரே ஒரு பொருளை மட்டும் இனங்கண்டு பற்றும். பூட்டுக்கு ஏற்ற சாவிபோல. நாம் விரும்பும் ஒரு பொருளைப் பற்றும் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியுமா என்னும் கேள்விக்கு, 1975ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நகரில் ஜோர்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டீன் என்னும் இருவர் விடை கண்டனர். சுண்டெலியின் மண்ணீரல் கலத்தைச் சாகாது பெருகும் புற்றுக் கலத்தோடு இணைத்து, ஒரே வகைப் பிறபொருளெதிரியை ஓயாது சுரக்கச் செய்தனர். 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஊசிமருந்துகளின் பெயர்கள் 'மாப்' என்று முடிவது இந்தக் குலத்தைச் சேர்ந்தவை என்பதற்கு அடையாளம். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் வால் தெரிந்தால் போதும்.

ஆஸ்துமாவுக்கு இவ்வகையில் முதலில் வந்தது ஒமாலிசுமாப். அது குறிவைக்கும் பொருளுக்கு ஒரு சுவையான பூர்வகதை உண்டு. 1921ஆம் ஆண்டு, அப்போது ஜெர்மனிக்கு உரியதாயிருந்த பிரெஸ்லோ நகரில் கார்ல் பிரௌஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்னும் இரு மருத்துவர்கள் இருந்தனர். கூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. தின்றால் உடலெங்கும் தடிப்பெழும். பிரௌஸ்னிட்ஸ் தம் நண்பரின் குருதிநீரில் சிறிது எடுத்துத் தம் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீனின் சாரத்தை ஏற்ற, அவ்விடம் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமை என்பது குருதியில் ஓடும் ஏதோ ஒரு பொருளால் வருவது என்பது அன்று விளங்கிற்று. அப்பொருள் இன்னதென்பதைக் கண்டறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1966ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் இஷிசாக்கா என்னும் ஜப்பானியத் தம்பதியரும், சுவீடனில் ஜொஹான்சன், பென்னிக் என்னும் இருவரும் தனித்தனியே அதை அடைந்தனர். ஐ.ஜீ.ஈ. என்று இன்று இரத்தப் பரிசோதனைத் தாளில் நாம் காண்பது அதுவே. ஒமாலிசுமாப் இந்த ஐ.ஜீ.ஈ.யைப் பற்றிப் பிடித்து, அது ஒவ்வாமைக் கலங்களில் சென்று ஒட்டாதவாறு தடுக்கிறது. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

ஆயினும் நாம் விரிவாகச் சொல்ல விரும்பும் கதை இரண்டாவது மருந்தினுடையது. அதன் பெயர் மெபோலிசுமாப்.

தோற்ற மருந்து

1879இல் போல் ஏர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர், குருதியைக் கண்ணாடித் தட்டில் தடவிச் சாயமிட்டுப் பார்த்தபோது, வெண்குருதிக் கலங்களிற் சில இயோசின் என்னும் சாயத்தை ஏற்றுச் செவ்வொளி வீசக் கண்டார். அவற்றை இயோசினோபில் என்றார். ஆஸ்துமா நோயாளரின் சளியிலும் சுவாசக் குழாய்ச் சுவரிலும் இக்கலங்கள் மலிந்திருப்பது பின்னர் தெரியவந்தது. என்பு மச்சையிலிருந்து இக்கலங்களை அழைத்து வளர்த்து உயிரோடு வைத்திருப்பது இன்டர்லூகின்-5 என்னும் செய்திப் பொருள். ஆகவே அந்தச் செய்தியை இடைமறித்தால் கலங்கள் வாரா. கலங்கள் வாராவிட்டால் முட்டும் வாராது என்று கணக்கிட்டனர். மெபோலிசுமாப் இன்டர்லூகின்-5ஐப் பற்றும் பிறபொருளெதிரி.

கணக்கு அழகாகத்தான் இருந்தது. 2000ஆம் ஆண்டு இறுதியில் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வில், இலேசான ஆஸ்துமாவுள்ள 24 பேருக்கு இது பரிசோதிக்கப்பட்டது. குருதியில் இயோசினோபில் கலங்கள் எதிர்பார்த்தவாறே வீழ்ந்தன. ஆனால் நோய் அசையவில்லை. ஒவ்வாப் பொருளை மூச்சில் இழுத்தபோது சுவாசக் குழாய்கள் முன்போலவே சுருங்கின. 2007இல் 362 பேரைக் கொண்டு மீண்டும் நடத்திய பரிசோதனையிலும் மூச்சின் வேகத்திலோ நோய்க்குறிகளிலோ குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. இயோசினோபில் குற்றவாளியே அல்ல; சம்பவ இடத்தில் நின்ற வழிப்போக்கன் மட்டுமே என்று பலர் தீர்ப்பளித்தனர். மருந்தைக் கைவிட்டாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை என்ற நிலை.

சளியை எண்ணியவர்கள்

கனடாவில் டொரொன்டோ நகரிலிருந்து மோட்டார் வாகனத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் செல்லக்கூடிய ஹமில்டன் என்னும் நகர் உண்டு. ஸ்காபரோவில் உறவினரைப் பார்க்கச் சென்ற நம் வாசகர் பலர் நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் போகும் வழியில் அதைக் கடந்திருப்பர். அங்கே புனித ஜோசப் மருத்துவமனையில் பிரெடி ஹார்கிரீவ் என்னும் பேராசிரியர், பிறர் அருவருக்கும் ஒரு வேலையைப் பல்லாண்டுகள் பொறுமையோடு செய்துவந்தார். நோயாளரை உப்பு நீராவி இழுக்கச் செய்து, இருமி வரும் சளியைச் சேகரித்து, அதில் எந்தக் கலம் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணுவதே அவ்வேலை. எண்ணியபோது தெரிந்த உண்மை இது: சிலருடைய சளியில் இயோசினோபில் மலிந்திருந்தது, வேறு சிலருடையதில் மருந்துக்கும் இல்லை. வெளியே கேட்கும் இழுப்பு ஒன்றுதான். உள்ளே நடக்கும் நோய் ஒன்றன்று.

இவ்வுண்மையைக் கைக்கொண்டு பார்த்தால் முந்திய பரிசோதனைகள் தோற்றதன் காரணம் புலனாகும். இயோசினோபிலை அழிக்கும் மருந்தை, இயோசினோபிலால் துன்புறுகின்றவரா அல்லரா என்று பாராமல் எல்லோருக்கும் கொடுத்திருந்தனர். அன்றியும் பார்த்த அளவுகோலும் பொருந்தாதது. அன்றாட மூச்சின் அளவை நோக்கினரே தவிர, ஆஸ்பத்திரிக்கு ஓடவைக்கும் கடுந்தாக்குதல்கள் எத்தனை குறைந்தன என்பதை முதன்மையாக எண்ணவில்லை.

ஹார்கிரீவின் குழுவைச் சேர்ந்த பரமேஸ்வரன் நாயர் என்னும் மருத்துவரும் அவருடைய சகாக்களும் இருபதே இருபது நோயாளரைத் தெரிந்தெடுத்தனர். அனைவரும் பிரெட்னிசோன் குளிசையில் வாழ்பவர்கள். குளிசை உண்டும் சளியில் இயோசினோபில் நீங்காதவர்கள். ஒன்பது பேருக்கு மெபோலிசுமாப். பதினொருவருக்கு மருந்தற்ற போலி ஊசி. மாதம் ஒருமுறையாக ஐந்து தடவை நாளத்தில் ஏற்றப்பட்டது. பின்னர் குளிசையின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. முடிவு 2009 மார்ச் மாதத்தில் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. போலி ஊசி பெற்றவர்களில் பத்துப் பேருக்குப் பன்னிரண்டு தாக்குதல்கள். மருந்து பெற்றவர்களில் ஒரே ஒருவருக்கு ஒரு தாக்குதல். குறைக்கக்கூடிய குளிசை அளவில் மருந்து பெற்றவர்கள் சராசரியாக நூற்றுக்கு 84 பங்கைக் குறைத்துக்கொண்டனர்.

அதே இதழில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து இன்னொரு கட்டுரை. அங்கே பிரணப் ஹால்தர், இயன் பாவோர்ட் முதலியோர் 61 பேரை ஓராண்டு காலம் கவனித்தனர். ஆண்டுக்குச் சராசரி 3.4ஆக இருந்த கடுந்தாக்குதல், மருந்து பெற்றவர்களிடையே 2.0ஆக வீழ்ந்தது. தோற்ற மருந்து தேறிவிட்டது. மாறியது மருந்தன்று, மருந்தைப் பெற்றவர்களைத் தெரிந்தெடுத்த முறையே.

திருவுளச்சீட்டும் போலி ஊசியும்

இங்கே வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். முட்டினால் வாடும் ஒருவருக்கு மருந்தென்று சொல்லி உப்புநீரை ஏற்றுவது தர்மமா என்பது நியாயமான கேள்வி.

ஹமில்டன் கணக்கையே மீண்டும் பார்ப்போம். போலி ஊசி பெற்றவர்களும் தம் குளிசையில் ஏறக்குறைய நூற்றுக்கு 48 பங்கைக் குறைக்க முடிந்தது! மருந்தில்லாமலே இவ்வளவு. ஆஸ்துமா பருவத்தோடு ஏறி இறங்கும் நோய். நல்ல கவனிப்பும் நம்பிக்கையும் கிடைத்தாலே ஓரளவு தணியும் நோய். ஒப்பிட ஒரு கூட்டம் இல்லாதிருந்தால், தானாக வந்த இந்த நன்மையும் மருந்தின் கணக்கில் சேர்ந்திருக்கும். ஒக்டோபரில் முட்டு வந்து, தாயத்துக் கட்டி, பெப்ரவரியில் சுகமானவர் தாயத்தைப் புகழ்வதும் இவ்வாறுதானே? ஆகவேதான் யாருக்கு எது என்பதைத் திருவுளச்சீட்டுப் போல் தற்செயலாகத் தீர்மானிக்கின்றனர். ஊசி போடுபவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. போலி ஊசி பெறுபவருடைய வழமையான பம்பும் குளிசையும் பறிக்கப்படுவதில்லை. அவற்றின் மேல்தான் ஊசி சேர்க்கப்படுகிறது. தாக்குதல் வந்தால் உடனே சிகிச்சை உண்டு.

இந்த முறை தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் இரசாயன சிகிச்சை நிலையம், 193 நோயாளரைத் தற்செயல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூற்றை வீட்டிலும் மறு கூற்றைச் சானட்டோரியத்திலும் வைத்து வைத்தியம் செய்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பயனைத் தரும் என்பதை 1959இல் உலகறியக் கூறியது. ஏழைக் குடும்பங்கள் சிதறாமல் காசத்துக்கு வைத்தியம் பெற வழிகாட்டியது அந்தப் பரிசோதனை. அன்று அந்நோயாளர் திருவுளச்சீட்டுக்கு இசைந்திராவிட்டால் இன்று நமக்கு அந்த அறிவு கிட்டியிராது.

பெரிய பரிசோதனைகள்

சிறு பரிசோதனை வழியைக் காட்டும். உறுதி செய்வதற்குப் பெரியது வேண்டும். 2012இல் வெளியான பரிசோதனையில் 621 பேர் பங்குகொண்டனர். தாக்குதல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2014இல் 576 பேரிடம் நடத்தியதில், தோலின் கீழே நான்கு வாரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராம் போட்டபோது, தாக்குதல் நூற்றுக்கு 53 பங்கு குறைந்தது. அதே ஆண்டில் குளிசைக்கு அடிமைப்பட்ட 135 பேரிடம் நடத்தியதில், மருந்து பெற்றவர்களின் குளிசை அளவு நடுநிலையாகப் பாதியாயிற்று. போலி ஊசிக்காரரிடம் மாற்றமில்லை. 2015 நவம்பரில் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

அதன்பின் இக்குலத்தில் வேறு மருந்துகளும் பிறந்தன. பென்ரலிசுமாப் இயோசினோபில் கலத்தையே பற்றி அழிப்பது. டுபிலுமாப் வேறு இரண்டு செய்திப் பொருள்களின் வாயிலை அடைப்பது. டெசெபெலுமாப், சுவாசக் குழாயின் உட்தோல் எழுப்பும் முதற்கூக்குரலையே தடுப்பது; 1061 பேரிடம் நடத்திய பரிசோதனையில் ஆண்டுக்கு 2.10ஆக இருந்த தாக்குதலை 0.93ஆக்கிற்று. 2024இல் வெளியான முடிவுகளின்படி, டெபெமோகிமாப் என்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டாலே தாக்குதலை ஏறக்குறைய பாதியாக்குகிறது.

இவ்வளவு புகழ்ந்தபின் குறையையும் கூறாவிட்டால் நாம் வாசகருக்கு நேர்மை செய்தவர்களாக மாட்டோம். பாதி குறைந்தது என்றால் மீதிப் பாதி எஞ்சியிருக்கிறது என்பது பொருள். லெஸ்டரில் தாக்குதல்கள் குறைந்தனவே ஒழிய, அன்றாட நோய்க்குறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அன்றியும் அதே லெஸ்டர் நோயாளரை ஊசி நிறுத்தியபின் ஓராண்டு தொடர்ந்து கவனித்தபோது, சில மாதங்களுக்குள்ளாகவே இயோசினோபிலும் தாக்குதலும் திரும்பி வந்தன. இது நோயை வேரோடு களையும் மருந்தன்று. போடும் வரை காக்கும் குடை. "குளிசை எல்லாம் நிறுத்திவிடலாமாம்" என்பதும் முழு உண்மையன்று. சிலருக்கு நிறுத்த முடியும். பலருக்குக் குறைக்க முடியும். எவரும் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது. நீண்டநாள் பிரெட்னிசொலோன் உண்டவருடைய உடல், தன் சொந்த ஹோர்மோனைச் சுரக்க மறந்திருக்கும். சடுதியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

நம் நாட்டுக்குரிய எச்சரிக்கை

இலண்டனில் வாழும் ஒருவருடைய இரத்தத்தில் இயோசினோபில் கூடியிருந்தால் வைத்தியர் முதலில் ஒவ்வாமையை நினைப்பார். நம் தேசத்தில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அது பூச்சி.

1940இல் மதனப்பள்ளிச் சானட்டோரியத்தில் பிரிமோட்-மோலர், பார்ட்டன் என்னும் மருத்துவர்கள், காசம் போலத் தோன்றியும் காசமல்லாத, இயோசினோபில் பெருகிய ஒரு நுரையீரல் நோயை விவரித்தனர். 1943இல் வைங்கார்ட்டன் என்பவர் அதற்கு வெப்பவலய இயோசினோபீலியா என்று பெயரிட்டார். இரவு இருமலும் இழுப்பும் உடையதால் அது ஆஸ்துமாவென்றே மயங்கவைக்கும். யானைக்கால் நோயை உண்டாக்கும் பைலேரியாப் புழுவின் நுண்குஞ்சுகளே அதற்குக் காரணம் என்பதற்கான சான்றை 1960இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர் நுரையீரல் திசுவிலேயே கண்டுகாட்டினர். கொழும்பு உட்பட நம் மேற்கு, தெற்குக் கரையோரம் நெடுங்காலம் யானைக்காலுக்குப் பெயர்போனது. 2016இல் இலங்கை அந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது நமக்குப் பெருமை. ஆயினும் குடற்புழுக்கள் முற்றாக நம்மை விட்டு அகலவில்லை.

இயோசினோபில் இயற்கை நமக்கு அளித்த பூச்சிக் காவலன். அதை ஊசியால் அடக்குமுன், வயிற்றில் புழு இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்று இம்மருந்தோடு வரும் குறிப்பே கூறுகிறது. வெளிநாட்டில் பிள்ளைக்குத் தேவைப்படாத ஒரு சோதனை, இங்கே தாய்க்குத் தேவைப்படலாம் என்பதை நாம் மறக்கக்கூடாது.

பரிசோதனைக்கு அழைத்தால்

நாளை நம் நகரிலேயே இத்தகைய புதிய மருந்தொன்றின் பரிசோதனையில் சேருமாறு ஒருவர் அழைக்கப்படலாம். அப்போது என்ன செய்வது? ஊசி என்றவுடன் ஓடுவதும் தகாது; பெரிய டொக்டர் சொன்னார் என்று கண்ணை மூடிக் கையெழுத்திடுவதும் தகாது.

ஆபத்து இல்லை என்று நாம் கூறமாட்டோம். 2006 மார்ச் மாதம் இலண்டனில், ஆஸ்துமாவுக்கன்றி வேறு நோய்களுக்கென உருவாக்கிய ஒரு 'மாப்' மருந்தை முதன்முதலாக மனிதருக்கு ஏற்றியபோது, மருந்து பெற்ற ஆரோக்கியமான இளைஞர் அறுவரும் சில மணி நேரத்துக்குள் மரண வாயிலுக்குச் சென்று மீண்டனர். அதன் பின்னரே, புதிய மருந்தை ஒரே நேரத்தில் பலருக்கு ஏற்றாமல், ஒருவருக்கு ஏற்றிப் பொறுத்திருந்து பார்த்து அடுத்தவருக்கு ஏற்றும் விதிகள் இறுகின. ஒமாலிசுமாபுக்கும், அரிதாக ஏற்படும் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி பற்றிய எச்சரிக்கை 2007இல் சேர்க்கப்பட்டது. ஊசி போட்டபின் சிறிது நேரம் கிளினிக்கில் இருக்கச் சொல்வது வீண் தாமதமன்று.

நோயாளரின் உரிமை 1964ஆம் ஆண்டு ஹெல்சிங்கிப் பிரகடனத்தில் எழுதப்பட்டது. இன்றுவரை பலமுறை திருத்தப்பட்டு வந்திருக்கிறது. நம் நாட்டிலும் 2006இல் தொடங்கப்பட்ட இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு உண்டு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும், ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுக்களும் உண்டு. ஆகவே அழைக்கப்படுபவர் கேட்க வேண்டியவை சில.

இப்பரிசோதனை பதிவு செய்யப்பட்டதா? எந்த ஒழுக்கவியல் குழு இசைவளித்தது? எனக்குப் போலி ஊசி கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? எனக்குக் கேடு நேர்ந்தால் வைத்தியச் செலவும் நட்டஈடும் யார் பொறுப்பு? இடையில் விலகினால் என் வழமையான கிளினிக் சிகிச்சைக்குப் பங்கம் வருமா? இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு கேள்வி உண்டு: பரிசோதனை முடிந்தபின் ஊசி தொடர்ந்து கிடைக்குமா? நிறுத்தினால் நோய் திரும்பும் என்று மேலே கண்டோம். ஓராண்டு நன்றாக மூச்சுவிட்டுப் பழகிய தாயிடம், "பரிசோதனை முடிந்தது, இனி விலை கொடுத்து வாங்குங்கள்" என்று கூறினால், சாதாரண உத்தியோகக் குடும்பம் என்ன செய்யும்? விலையோ மாதச் சம்பளத்தை விழுங்க வல்லது. இதற்கு விடை எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்து தமிழில் இருக்க வேண்டும். விளங்காத மொழியில் உள்ள தாளில் இட்ட கையெழுத்து சம்மதமாகாது. வீட்டுக்குக் கொண்டுசென்று பிள்ளைகளோடு வாசித்துத் தீர்மானிக்க அவகாசம் கேட்பதும் அவமரியாதையன்று. நல்ல ஆராய்ச்சியாளர் அதை விரும்புவர்.

இன்றே செய்யக்கூடியது

ஊசி கிடைக்குமா என்று ஏங்கும் முன் வீட்டில் செய்யவேண்டியவை உள. கடும் ஆஸ்துமா என்று அனுப்பப்படுபவர்களில் கணிசமானோருக்குக் குறை நோயிலன்று, பம்பைப் பிடிக்கும் முறையிலேயே இருக்கிறது. சுகமாயிருக்கிறது என்று தடுப்புப் பம்பை நிறுத்திவிட்டு, முட்டு வந்தபின் நீலப் பம்பை மாத்திரம் அடிப்பவர் பலர். சுவரின் பூஞ்சணம், தலையணைத் தூசு, நுளம்புச் சுருள், சாம்பிராணி, வீட்டினுள் சிகரெட் ஆகியவை நீங்காமல் எந்த மருந்தும் முழுப்பயன் தராது. பூசை வேண்டாமென்று நாம் கூறவில்லை. முட்டுக்காரர் இருக்கும் அறையில் புகை வேண்டாம் என்றே கூறுகிறோம்.

இவற்றையெல்லாம் செய்தும் ஆண்டில் இரண்டு முறைக்கு மேல் குளிசையோ ஆஸ்பத்திரி வாசமோ தேவைப்பட்டால், அவரை நெஞ்சுநோய் நிபுணரிடம் காட்டுங்கள். வெலிசறையில் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இருக்கிறது; அரசாங்கப் பெரியாஸ்பத்திரிகளிலும் நெஞ்சுநோய் கிளினிக்குகள் உள்ளன. செல்லும்போது பழைய கிளினிக் கொப்பியையும், கடந்த ஓராண்டில் எந்தெந்த நாளில் தாக்குதல் வந்தது, எத்தனை நாள் குளிசை உண்டார் என்ற குறிப்பையும், இரத்தப் பரிசோதனைத் தாளையும் கொண்டுசெல்லுங்கள். அத்தாளில் இயோசினோபில் என்னும் வரியைக் காட்டி, "இது எவ்வகை ஆஸ்துமா?" என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைத்த பின்னரே ஊசியைப் பற்றிய பேச்சு பொருளுள்ளதாகும். இங்கு அது கிட்டுமா, என்ன விலை, யார் தாங்குவது என்பவற்றையும் அவரிடமே நேரில் பேசிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்டதைக்கொண்டு முடிவு செய்யாதீர்கள்.

பிரெட்னிசொலோன் உண்பவர் எவராயினும், நிபுணரைக் காணும் நாள்வரை அதை ஒருநாளும் தாமாக நிறுத்தலாகாது என்பதை மீண்டும் வற்புறுத்துகிறோம்.

வரும் ஞாயிறு, பம்பை முறையாக உபயோகிப்பது எவ்வாறு என்பதையும், சிறுபிள்ளைகளுக்கும் முதியோருக்கும் அதனோடு இணைக்கும் ஸ்பேசர் குழாயின் பயனையும் பற்றி எழுதுவோம்.